மீசோதீலியோமா: கத்தியா, மருந்தா, சிறு குழாயா?

பயாப்ஸி முடிவு கைக்கு வந்ததும் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: “ஆபரேஷன் செய்து எடுத்துவிட முடியாதா?” நியாயமான கேள்வி. புற்றுநோய் என்றால் கட்டி, கட்டி என்றால் வெட்டி எடுப்பது என்றுதான் மனம் ஓடுகிறது. ஆனால் மீசோதீலியோமாவில், அதாவது நுரையீரல், குடல் போன்ற உறுப்புகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோயில், அந்தக் கேள்வி வரிசையில் கடைசியாக நிற்க வேண்டியது. அதற்கு முன்னால் மூன்று இருக்கின்றன. நோய் எந்த உறையில் வந்திருக்கிறது? எந்த வகைச் செல்? நெஞ்சில் கோத்து மூச்சு வாங்க வைக்கும் நீரை என்ன செய்யப் போகிறோம்? மூன்றாவதைச் சில்லறை விஷயம் என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். நோயாளி படுப்பது, நடப்பது, தூங்குவது எல்லாவற்றையும் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

இந்த நோயில் சில இடங்களில் உண்மையாகவே தேர்வு இருக்கிறது. சில இடங்களில் இருப்பதுபோலத் தோன்றுகிறது, அவ்வளவே. இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டு மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் அந்தப் பத்து நிமிடம் வீணாகாது.

பாசி போலப் படர்வது

நுரையீரலைச் சுற்றி மெல்லிய இரட்டை உறை உண்டு. ஒன்று நுரையீரலோடு ஒட்டியிருக்கும், மற்றது விலா எலும்புகளின் உட்புறத்தில். நடுவே கொஞ்சம் வழவழப்பான நீர். மூச்சு விடும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல அது போதும். இதே மாதிரி உறை குடலைச் சுற்றியும், இதயத்தைச் சுற்றியும், ஆண்களுக்கு விரைகளைச் சுற்றியும் இருக்கிறது. இந்த உறைகளை மூடியிருக்கும் செல்களில் பிறக்கும் புற்றுநோய்தான் மீசோதீலியோமா. மிகப் பெரும்பாலும் நுரையீரல் உறையில், அடுத்தபடியாக வயிற்று உறையில் வரும். மற்ற இரண்டும் மிக அபூர்வம்.

உறவினர்கள் இதை ‘நுரையீரல் புற்றுநோய்’ என்றே சொல்லிவிடுவார்கள். அது வேறு நோய், அதற்கான மருந்து வரிசையும் வேறு. “அவர் சிகரெட்டே பிடித்ததில்லையே” என்று ஆச்சரியப்படவும் வேண்டாம். மீசோதீலியோமாவுக்கும் புகைப் பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் பல மடங்காகும் என்பது தனிக் கதை.

காரணம் ஆஸ்பெஸ்டாஸ், தமிழில் கல்நார். அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பறக்கும். மூச்சோடு உள்ளே போகும் இழைகளில் சில நுரையீரலைத் தாண்டி உறைவரை போய்ச் சேருகின்றன. உடலால் அவற்றைக் கரைக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. பல்லாண்டுகள் அங்கேயே கிடந்து அழற்சி உண்டாக்கிக்கொண்டே இருக்கும். தூசி பட்டதற்கும் நோய் தெரிவதற்கும் நடுவே சாதாரணமாக 20 முதல் 50 ஆண்டு இடைவெளி. அதனால்தான் வேலையை விட்டு ஓய்வு பெற்றவர்களிடம் இது அதிகம் தெரிய வருகிறது. வெள்ளை, பழுப்பு, நீலம் என்று கல்நாரில் வகைகள் உண்டு. நீலம் மிக மோசமானது. அதற்காக வெள்ளையைப் பாதுகாப்பானது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைகளையுமே புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியிருக்கிறது.

தொடர்பை உலகுக்கு உறுதியாகக் காட்டியது 1960-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆய்வு. வாக்னர் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய இரு சகாக்களும் 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் நீலக் கல்நார்ச் சுரங்கங்கள் இருந்த கேப் பகுதியோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. அவர்களில் பலர் சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை. பக்கத்தில் வாழ்ந்தவர்கள், சிறுவயதில் அங்கே விளையாடியவர்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் தொழிலாளர்களின் மனைவிமாரும் தென்பட்டார்கள். அவர்கள் செய்த ஒரே ‘வேலை’, கணவனின் வேலைத் துணியை உதறித் துவைத்தது.

கல்நார் மட்டும்தானா என்றால், பெரும்பாலும் ஆம். துருக்கியின் கப்படோக்கியா பகுதியில் சில கிராமங்களில் எரியோனைட் என்ற வேறொரு இழைக் கனிமம் இதே நோயைக் கொண்டுவந்தது. சில குடும்பங்களில் பாப்-1 என்ற மரபணு பழுதாகப் பிறப்பதால் அபாயம் கூடுகிறது என்பது 2011-இல் தெரிந்தது. குடும்பத்தில் இருவருக்கு இந்த நோய் வந்திருந்தால், அல்லது மிக இளம் வயதில் ஒருவருக்கு வந்திருந்தால், மரபணுச் சோதனையைப் பற்றிக் கேட்பது நல்லது.

சிகிச்சைத் தேர்வுக்கு முக்கியமான விஷயம், இந்த நோய் வளரும் விதம். இது ஓரிடத்தில் உருண்டையாக உட்காருவதில்லை. ஈரச் சுவரில் பாசி படர்வதுபோல உறை முழுக்கப் படரும், மடிப்புகளுக்குள் நுழையும். அறுவை மருத்துவர் எப்போதும் கட்டியைச் சுற்றி ஒரு விரற்கடை நல்ல சதையையும் சேர்த்தே எடுக்கப் பார்ப்பார். இங்கே அந்த ‘நல்ல சதை’ இதயத்தின் உறையும் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் பெரிய ரத்தக் குழாய்களும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் அறுவை சிகிச்சைக் கணக்கு புரியும்.

நீரைச் சோதிப்பதா, சதையையா

மூச்சு வாங்குகிறது என்று போவார்கள். எக்ஸ்ரேயில் ஒரு பக்க நெஞ்சில் நீர் கோத்திருப்பது தெரியும். ஊசி வைத்து நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். “புற்றுநோய் செல் இல்லை” என்று வரும். வீடே நிம்மதியாகும்.

அந்த நிம்மதி அவசரமானது. மீசோதீலியோமா செல்லும், வெறும் அழற்சியால் உருமாறிய உறைச் செல்லும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியக்கூடியவை. நீரில் மட்டும் பார்த்தால் பலருக்கு இந்த நோய் பிடிபடுவதில்லை. எப்போதோ ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர் என்றால், நீர்ச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றாலும் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

சதை எடுக்க இரண்டு வழி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் துணுக்கு எடுப்பது ஒன்று. விலா எலும்புகளுக்கிடையில் சின்னத் துளை போட்டு கேமரா நுழைத்து, உறையை நேரில் பார்த்து நான்கைந்து இடங்களில் எடுப்பது இன்னொன்று. முதலாவது எளிது, உடல் தளர்ந்தவர்களுக்கு அதுதான். உடம்பு தாங்கும் என்றால் எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஒரே தடவையில் நீர் முழுவதையும் வடித்துவிடலாம், போதிய அளவு சதை எடுக்கலாம், நுரையீரல் விரிகிறதா என்று பார்க்கலாம், தேவையானால் நீர் மறுபடி சேராதபடி அப்போதே ஏற்பாடும் செய்துவிடலாம். தனித்தனியாகச் செய்தால் மூன்று தடவை ஆஸ்பத்திரி ஏற வேண்டியிருக்கும்.

அறிக்கையில் தேட வேண்டிய சொல் ‘மீசோதீலியோமா’ மட்டும் போதாது, வகையும் வேண்டும். எபிதீலியாய்டு என்பது அதிகம் காணப்படுவது, ஒப்பளவில் மெதுவாக வளர்வது. சார்கோமாட்டாய்டு அரிது, முரட்டுத்தனமானது. இரண்டும் கலந்தது பைஃபேசிக். வகை எழுதப்படாமல் அறிக்கை வந்தால் திருப்பிக் கேளுங்கள். அபூர்வ நோய் என்பதால் பல நோயியல் நிபுணர்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டைத்தான் பார்த்திருப்பார்கள். அந்தச் சதைத் துண்டையே இந்த நோயில் பழக்கமுள்ள இன்னொரு நிபுணரிடம் அனுப்பி இரண்டாம் கருத்து வாங்குவதில் யாரும் கோபித்துக்கொள்ள எதுவும் இல்லை.

நீர்: டால்க் பொடியா, வீட்டிலேயே வடிக்கும் குழாயா

ஒரு பக்க நெஞ்சில் லிட்டர் கணக்கில் நீர் தேங்கலாம். படி ஏற முடியாது, மல்லாந்து படுக்க முடியாது, பேச்சு நடுவில் அறுந்து அறுந்து வரும். ஊசியால் எடுத்தால் அன்றைக்கே பெரிய நிம்மதி. ஆனால் சில நாளிலோ சில வாரத்திலோ திரும்பச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஊசி குத்திக்கொண்டே இருப்பது, மிகவும் தளர்ந்துபோனவர்களுக்கும் நீர் மிக மெதுவாகச் சேர்பவர்களுக்கும் மட்டும்தான் பொருந்தும்.

மற்றவர்களுக்கு இரண்டு வழி. முதலாவது, நீரை முழுதாக வடித்துவிட்டு இரண்டு உறைகளுக்கும் நடுவே மருத்துவத் தரமான டால்க் பொடியைச் செலுத்துவது. பொடி அழற்சியை உண்டாக்கி இரண்டு உறைகளையும் ஒட்ட வைத்துவிடும். நீர் சேர இடமே இருக்காது. பெரும்பாலோருக்குப் பிடித்துக்கொள்ளும். சில நாள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும், வலியும் காய்ச்சலும் வரும். பூமிக்குள் டால்க்கும் ஆஸ்பெஸ்டாஸும் சில இடங்களில் அக்கம்பக்கமாகவே கிடக்கின்றன. அதனால்தான் முகப்பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பதாக அத்தனை வழக்குகள். ஆஸ்பெஸ்டாஸ் கெடுத்த உறையை ஒட்டவைக்க அதன் பக்கத்து வீட்டுக்காரனையே கூப்பிடுவது விசித்திரம்தான். ஆனால் மருத்துவ டால்க் சுத்திகரித்துச் சோதிக்கப்பட்டது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, மென்மையான சிறு குழாய் ஒன்றைத் தோலுக்கடியில் ஓட்டி நெஞ்சுக்குள் நீண்ட நாளுக்கு வைத்துவிடுவது. வெளியே தெரியும் முனையில் மூடி இருக்கும். வீட்டிலேயே உறிஞ்சு பாட்டிலை மாட்டி, தினமுமோ இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையோ வடித்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். சிலருக்கு வடித்துக்கொண்டே வரும்போது உறைகள் தாமாக ஒட்டி, குழாயை எடுத்துவிடும் நிலையும் வரும்.

எது மேல்? புற்றுநோயால் நீர் கோத்தவர்களைச் சேர்த்து நடந்த ஆய்வுகளில், மூச்சுத் திணறல் குறைவதில் இரண்டும் ஏறத்தாழ சமம் என்றே வந்திருக்கிறது. 2012-இல் பிரிட்டனில் 106 பேரிடம் நடந்த ஆய்விலும் அப்படித்தான், 2017-இல் வெளியான 146 பேர் ஆய்விலும் அப்படித்தான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. 146 பேர் ஆய்வில், மறுபடி நெஞ்சைத் துளைத்து நீர் எடுக்க வேண்டி வந்தது குழாய்க்காரர்களில் 4 சதவீதத்தினருக்கு, டால்க் போட்டவர்களில் 22 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு. குழாய் வைத்தால் தொற்று வரும் அபாயம் கொஞ்சம் உண்டு. குளிப்பதில் கவனம் வேண்டும். வடிக்கும்போது கடைசியில் நெஞ்சுக்குள் இழுத்துப் பிடிப்பதுபோல வலிக்கும், அப்போது நிறுத்திவிட வேண்டியதுதான்.

ஒரு விஷயம் இந்தத் தேர்வையே ரத்து செய்துவிடும். நீரை எடுத்த பிறகும் நுரையீரல் முழுதாக விரியவில்லை என்றால், அதாவது உறை தடித்து இறுகிய சட்டைபோல அதைப் பிடித்து வைத்திருந்தால், டால்க்கால் பயனில்லை. ஒட்ட வேண்டிய இரண்டு உறைகளும் ஒன்றையொன்று தொடவே தொடாது. அப்போது குழாய்தான். மீசோதீலியோமாவில் இது அடிக்கடி நடப்பது. ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய வாக்கியம்: “நீர் எடுத்த பிறகு நுரையீரல் எவ்வளவு விரிந்தது?”

விரிகிறது என்றால், அடுத்த கேள்வி வீட்டைப் பற்றியது. பாட்டிலை யார் மாட்டுவார்கள்? கை நடுங்காமல், சுத்தமாக, வாரத்துக்கு மூன்று முறை? அப்படி ஒருவர் இருந்தால் நான் குழாய்ப் பக்கம்தான். நாட்கள் ஆஸ்பத்திரியில் கழிவதைவிட வீட்டில் கழிவது பெரிது. தனியாக இருப்பவர், உடம்பில் ஒரு குழாய் தொங்குவதையே சகிக்காதவர் என்றால் டால்க். இதே வேலைக்கு உறையில் ஒரு பகுதியை அறுவையால் உரித்தெடுக்கும் முறையும் உண்டு. 2014-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அதையும் டால்க்கையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் அறுவைப் பக்கம் 52 சதவீதம், டால்க் பக்கம் 57 சதவீதம். ஆயுள் கூடும் என்ற நம்பிக்கையில் அதற்குப் போக வேண்டியதில்லை.

துளை போட்ட இடம் வழியாக நோய் பரவாமலிருக்க அங்கே முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுப்பது ஒரு காலத்தில் வழக்கம். 2016-இலும் 2019-இலும் வந்த ஆய்வுகள் இரண்டிலும் அதனால் லாபம் தெரியவில்லை. யாராவது வழக்கப்படி எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேட்கலாம்.

கீமோவா, இம்யூனோதெரபியா

இங்கேதான் செல் வகை வேலை செய்கிறது.

2003-இல் வெளியான ஆய்வு ஒன்று பெமட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் என்ற இரட்டைக் கீமோ மருந்தை நிலைநாட்டியது. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 9.3 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 12.1 மாதம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு சுற்று. இந்த மருந்தோடு ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் கட்டாயம், அதுவும் முதல் சுற்றுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். சத்து மாத்திரைதானே என்று அலட்சியமாக விட்டால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியும். சிறுநீரகமோ காதோ பலவீனமானவர்களுக்கு சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின் தருவார்கள்.

அதன் பிறகு பதினேழு ஆண்டு பெரிய மாற்றம் இல்லை. பெவாசிசுமாப் என்ற மூன்றாவது மருந்தைச் சேர்த்த பிரெஞ்சு ஆய்வு 2016-இல் 16.1 மாதத்தை 18.8 ஆக்கியது. ரத்தக் கசிவு, ரத்தக் கட்டு அபாயம் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது.

பெரிய திருப்பம் 2020-இல். உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்மீது ஏவிவிடும் சிகிச்சைதான் இம்யூனோதெரபி. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற அப்படிப்பட்ட இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, 605 பேரிடம் கீமோவோடு ஒப்பிட்டார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் இடைநிலை ஆயுள் 18.1 மாதம், கீமோவில் 14.1. இரண்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 41 சதவீதம், கீமோவில் 27. அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆனால் இந்த மொத்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எபிதீலியாய்டு அல்லாதவர்களுக்கு கீமோவில் 8.8 மாதம், இம்யூனோதெரபியில் 18.1, ஏறக்குறைய இரட்டிப்பு. எபிதீலியாய்டு உள்ளவர்களுக்கு 16.5-க்கு 18.7. ஆக, அறிக்கையில் சார்கோமாட்டாய்டு அல்லது பைஃபேசிக் என்றிருந்தால், உடம்பு இடம் கொடுக்கும்வரை இம்யூனோதெரபிதான். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. எபிதீலியாய்டு என்றால் அது நிஜமான தேர்வு.

அந்தத் தேர்வில் எதை எடை போடுவது? கீமோ சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கும், சில மாதத்தில் முடிந்துவிடும். களைப்பு, குமட்டல், ரத்த அணு எண்ணிக்கை சரிவு எல்லாம் பெரும்பாலும் எதிர்பார்த்த நாட்களில் வந்து எதிர்பார்த்தபடி போகும். இம்யூனோதெரபி மெதுவாகப் பிடிக்கலாம். பிடித்துக்கொண்டால் நீண்ட நாள் நிற்கும். இரண்டு ஆண்டு வரை தொடர்வார்கள், ஒரு மருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மற்றது ஆறு வாரத்துக்கு ஒருமுறை. அதன் பக்கவிளைவுக்கு நாள் நட்சத்திரம் கிடையாது. உடலின் பாதுகாப்புப் படையை அவிழ்த்துவிடுவதால் அது குடலையோ கல்லீரலையோ தைராய்டையோ நுரையீரலையோ தாக்கலாம். முதல் வாரத்திலும் வரலாம், மருந்தை நிறுத்திய பிறகும் வரலாம். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் என்றால் அவசரம். இம்யூனோதெரபி எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் அவசரம். “ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை” என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கடுமையான பக்கவிளைவுகளின் அளவு அந்த ஆய்வில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 30 சதவீதம், 32 சதவீதம். குணம்தான் வேறு.

ஏற்கெனவே முடக்குவாதம், லூபஸ் மாதிரி தன்னுடலைத் தாக்கும் நோய் இருப்பவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர் எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இவர்களுக்குக் கீமோ பக்கம் தராசு சாயும்.

இரண்டையும் சேர்த்தால் என்ன? பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைக் கீமோவோடு சேர்த்த ஆய்வு 2023-இல் வந்தது. இடைநிலை ஆயுள் 16.1-இலிருந்து 17.3 மாதம். சிறிய ஏற்றம்தான், ஆனால் மூன்று ஆண்டு தாண்டியவர்கள் 17 சதவீதத்திலிருந்து 25 ஆனார்கள். அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் அனுமதி. கீமோவின் வேகமும் வேண்டும், இம்யூனோதெரபியின் நீளமும் வேண்டும் என்பவர்களுக்கு இது நடுவழி. எது வாங்க முடியும், எதற்குக் காப்பீடு பணம் தரும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்த மருந்துகள் மலிவானவை அல்ல, அந்தக் கணக்கையும் முதல் நாளே வெட்கமில்லாமல் பேசிவிடுவது நல்லது.

கொஞ்சம் நின்று, இந்த ‘இடைநிலை’ என்ற சொல்லைப் பார்ப்போம். 18 மாதம் என்றால் 18-ஆம் மாதம் முடிவு என்று பொருளல்ல. பாதிப் பேர் அதற்கு முன்பு, பாதிப் பேர் அதற்குப் பிறகு. அந்தப் பின்பாதி எவ்வளவு நீளும் என்பதை இந்த எண் சொல்வதேயில்லை. பரிணாம உயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்று உறை மீசோதீலியோமா. அன்றைய நூல்களில் இடைநிலை எட்டு மாதம் என்றிருந்தது. அவர் இருபது ஆண்டு வாழ்ந்தார், 2002-இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோரும் கூல்டு ஆகிவிட முடியாது. எண்ணைப் படிக்கும்போது அதன் வாலையும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஆபரேஷன்?

நுரையீரல் உறை மீசோதீலியோமாவுக்கு இரண்டு பெரிய அறுவைகள் உண்டு. ஒரு பக்க நுரையீரல், உறை, உதரவிதானம், இதய உறையின் ஒரு பகுதி எல்லாவற்றையும் மொத்தமாக எடுப்பது ஒன்று. நுரையீரலை விட்டுவிட்டு உறையை மட்டும் உரித்தெடுப்பது மற்றொன்று.

முதலாவதை பிரிட்டனில் 50 பேரிடம் சோதித்தார்கள், 2011-இல் முடிவு வந்தது. அறுவை செய்தவர்களுக்கு 14.4 மாதம், செய்யாதவர்களுக்கு 19.5. சின்ன ஆய்வுதான், ஆனாலும் அந்த அறுவையைப் பலர் கைவிட அது போதுமானதாக இருந்தது. இரண்டாவதுக்கு 335 பேர் கொண்ட பெரிய ஆய்வு, அதுவும் பிரிட்டனில், 2024-இல் வெளியானது. எல்லோருக்கும் கீமோ. பாதிப் பேருக்கு அதோடு அறுவையும். அறுவை செய்தவர்களுக்கு 19.3 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 24.8. கடுமையான சிக்கல்கள் அறுவைப் பக்கம் மூன்றரை மடங்குக்கும் மேல்.

இதை ஏற்காத அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதம் வெறும் பிடிவாதம் அல்ல. அனுபவம் மிகுந்த மையங்களில் அறுவைக்குப் பின் இறப்பு இந்த ஆய்வில் கண்டதைவிடக் குறைவு, ஆரம்ப நிலை எபிதீலியாய்டு நோயாளிகளைச் சரியாகப் பொறுக்கினால் பலன் உண்டு என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பொறுக்கியெடுத்தவர்கள் நன்றாக இருப்பது அறுவையாலா, பொறுக்கியெடுத்ததாலா என்ற கேள்விக்கு அவர்களிடம் சீரான பதில் இல்லை. ஒரு மருத்துவர் அறுவை செய்யலாம் என்றால் நான் கேட்கும் கேள்விகள்: இந்த ஆண்டு எத்தனை செய்தீர்கள், மூன்று மாதத்துக்குள் எத்தனை பேரை இழந்தீர்கள், இதே நிலையில் அறுவை இல்லாமல் மருந்து மட்டும் என்றால் என்ன எதிர்பார்ப்பீர்கள்? பதில் சொல்லத் தயங்குபவரிடம் நெஞ்சைத் திறக்கக் கொடுக்க வேண்டியதில்லை.

வயிற்று உறை என்றால் கதையே மாறும். அங்கே தெரியும் நோயையெல்லாம் அறுத்தெடுத்து, சூடான கீமோ மருந்தை வயிற்றுக்குள்ளேயே ஊற்றிக் கழுவும் முறை இருக்கிறது. 2009-இல் பல மையங்களின் 405 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது இடைநிலை ஆயுள் 53 மாதம். பொறுக்கியெடுத்தவர்கள்தான், ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லை, நான் மேலே கேட்ட கேள்வி இதற்கும் பொருந்தும். ஆனாலும் வித்தியாசம் அலட்சியப்படுத்த முடியாத அளவு பெரியது. வயிற்று உறை என்று தெரிந்தால், கீமோ தொடங்கும் முன்பே இந்த அறுவையை வழக்கமாகச் செய்யும் ஒரு மையத்தில் ஒருமுறை காட்டிவிட வேண்டும். முதலில் ‘எந்த உறை’ என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

எதுவும் வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு

எபிதீலியாய்டு, கொஞ்சமே நோய், தொந்தரவு எதுவும் இல்லை என்றால், சில மருத்துவர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார்கள். அது கைவிடுவது ஆகாது. பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலேயே இருப்பவருக்குக் கீமோ கொடுத்தால் நாள் கூடுவதைவிடத் துன்பம் கூடுவதே அதிகம். அவருக்கு நீரை வடிப்பதும், வலிக்கு மார்ஃபின் தருவதும், வலிக்கும் இடத்தில் சில நாள் கதிர்வீச்சு கொடுப்பதும்தான் சிகிச்சை. மார்ஃபின் மூச்சுத் திணறல் உணர்வையும் தணிக்கும். பழகிவிடும் என்று பயந்து அதை ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு, அது வேண்டாத கொடுமை.

வலி தணிப்பு மருத்துவரை எப்போது பார்ப்பது? 174 மீசோதீலியோமா நோயாளிகளிடம் நடந்த ஒரு ஆய்வில், நோய் தெரிந்த உடனேயே எல்லோரையும் அனுப்புவதால் மூன்று மாதத்தில் தனி லாபம் எதுவும் தெரியவில்லை. தேவை வந்ததும் தாமதிக்காமல் போனால் போதும்.

இன்னொரு ‘தேர்வு’ இணையத்தில் நிறையக் கிடைக்கும்: மூலிகை, தனி உணவு, எங்கோ ஒரு நாட்டில் ஒரு கிளினிக். ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீனுக்கு 1979 இறுதியில் இந்த நோய் தெரிந்தது. பணத்துக்குக் குறைவில்லாதவர். மெக்சிகோ போய் இப்படிப்பட்ட சிகிச்சையெல்லாம் எடுத்துக்கொண்டார். 1980 நவம்பரில் அங்கேயே ஓர் அறுவைக்குப் பின் இறந்தார். அன்று வேறு மருந்தும் பெரிதாக இல்லை என்பது உண்மை. இன்று இருக்கிறது.

சிகிச்சையோடு சம்பந்தமில்லாத ஒரு வேலையும் பாக்கி. நோயாளி தெம்பாக இருக்கும்போதே அவர் வேலை செய்த இடங்களையெல்லாம் ஆண்டு வாரியாக எழுதி வைக்க வேண்டும். கப்பல் கட்டும் தளம், கொதிகலன் அறை, பிரேக் லைனிங், கூரைத் தகடு, குழாய்களுக்குச் சுற்றும் காப்பு, பழைய கட்டடங்களை இடித்த வேலை, எதையும் விட வேண்டாம். கூட வேலை பார்த்தவர்களின் பெயர்களும் வேண்டும். பல நாடுகளில் இது இழப்பீடு பெறத் தகுதியுள்ள தொழில்நோய். விண்ணப்பிக்கக் காலக்கெடுவும் உண்டு, பல இடங்களில் அது நோய் தெரிந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய விஷயம் அவர் நினைவில் மட்டும்தான் இருக்கும்.

எழுதும்போது, அந்த நாட்களில் அவருடைய வேலைத் துணியைத் துவைத்தது யார் என்றும் கேளுங்கள். அம்மாவோ மனைவியோ, அவர்களுக்கு ஒரு பக்க நெஞ்சு வலியோ மூச்சு வாங்குவதோ வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.